ரேடார் எட்டாத கடல்வெளியில் விமானங்களுக்கு இடைவெளி வகுப்பது எப்படி?

தைப்பூசக் காவடி நெருங்கும் நாட்களில் தமிழ்நாட்டிலிருந்து உறவினர்களும் நாதஸ்வரக் கலைஞர்களும் மொரீசியஸ் வருவதுண்டு. அவர்களை அழைத்துவரப் பிளெசான்ஸ் விமான நிலையத்துக்குப் புறப்படுகிறவர்கள், கைப்பேசிச் செயலியில் விமானத்தின் குறி நகர்வதைப் பார்த்தபடியே இருப்பார்கள். மாலத்தீவுக்குத் தெற்கே வந்ததும் அந்தக் குறி பல நேரங்களில் நின்றுவிடும் அல்லது மறைந்துவிடும். வீட்டிலுள்ள பெரியவர்கள் கலங்கிப்போவார்கள். விமானத்துக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. அந்தச் செயலி, தரையில் ஆங்காங்கே ஆர்வலர்களும் நிறுவனங்களும் வைத்திருக்கும் சிறு ஆண்டெனாக்கள் பிடித்துத் தரும் சமிக்ஞைகளை நம்பியிருக்கிறது. நடுக்கடலில் ஆண்டெனா நடுவதற்குத் தரை இல்லை. ஆனால் அந்தக் கலக்கத்துக்குள் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. செயலிக்குத் தெரியாத இடத்தில் பறக்கும் விமானம் கட்டுப்பாட்டு மையத்துக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அருகருகே பல விமானங்கள் பறந்தால் அவை மோதாமல் காப்பது யார்?

வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றதும் கண்ணாடிக் கோபுரமும் ஒளிரும் ரேடார் திரையும் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டும் உண்மைதான், என்றாலும் பூமியின் பெரும்பரப்பு கடல், அங்கே கோபுரமும் கிடையாது, ரேடாரும் எட்டாது. கட்டுப்பாட்டாளரின் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் திரையை விட்டுவிட்டு ஓர் அடிப்படை விதியிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். ஒரு விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு துல்லியமாகவும் எவ்வளவு அண்மைக் கணக்காகவும் தெரிகிறதோ, அதைப் பொறுத்தே அதற்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே விட வேண்டிய தூரம் அமைகிறது. அறிவு குறையக் குறைய இடைவெளி பெருகும். க்யூர்பிப் மேட்டில் மூடுபனி இறங்கிய மாலையில் பஸ் ஓட்டுபவர் முன்னே போகும் வண்டியிலிருந்து விலகி வருவாரே, அதே கணக்குதான். இங்கே அது உலகம் முழுவதற்கும் பொதுவான எண்களாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில், எந்த வானத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்ல வேண்டும். 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, உலகின் வான்வெளி முழுவதையும் பறப்புத் தகவல் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஒரு நாட்டின் இறையாண்மை அதன் கரையிலிருந்து 12 கடல் மைலோடு (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்) முடிந்துவிடும். அதற்கு அப்பாலுள்ள பொதுக்கடலின் மேல் எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கும் யாராவது பணி செய்தாக வேண்டும் என்பதால், நாடுகள் கூடிப் பேசி அந்தப் பரப்பைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. மொரீசியஸின் பங்குக்கு வந்த மண்டலம் இந்தத் தீவைப் போலப் பல மடங்கு பெரியது. அதன் கிழக்கே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மண்டலமும் மேற்கே மடகாஸ்கரின் அந்தனனரிவோ மண்டலமும் வடக்கே மாலத்தீவின் மாலே மண்டலமும் இருக்கின்றன. இவ்வளவு சிறிய நாடு இவ்வளவு பெரிய கடல்வானத்தைப் பார்த்துக்கொள்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்பது என் விருப்பம்.

சென்னையிலிருந்து பிளெசான்ஸுக்குச் சுமார் 4,450 கிலோமீட்டர். இந்தப் பாதையில் வரும் விமானம் பெரும்பாலும் சென்னை மண்டலத்திலிருந்து மாலே மண்டலத்துக்கும், அங்கிருந்து மொரீசியஸ் மண்டலத்துக்கும் கைமாறுகிறது. விமானம் எல்லைக்கு வருமுன்பே, அது எந்தப் புள்ளியில், எந்த நேரத்தில், எந்த உயரத்தில் நுழையும் என்பதை முன்னுள்ள மையம் அடுத்த மையத்துக்குத் தெரிவித்துவிடும். அடுத்த மையம் அதை ஏற்றுக்கொண்ட பிறகே பொறுப்பு மாறும். எந்த நொடியிலும் ஒரு விமானத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர்தான் பொறுப்பு. இருவர் பொறுப்பில் இருப்பதும் யாருடைய பொறுப்பிலும் இல்லாதிருப்பதும் ஒரே அளவு ஆபத்து.

ரேடார் உள்ள வானத்தில் இந்த வேலை ஒப்பீட்டளவில் எளிது. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு கேள்வி போகும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி தன் நான்கிலக்கக் குறியெண்ணையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் பதிலாக அனுப்பும். விமானி 7700 என்று குறியெண்ணை மாற்றினால் அவசரநிலை, 7600 என்றால் வானொலி செயலிழந்தது, 7500 என்றால் கடத்தல் என்று உலகில் எந்த மையமும் புரிந்துகொள்ளும். ரேடார் சுற்றிவரும் சில நொடிகளுக்கு ஒருமுறை இடம் புதுப்பிக்கப்படுவதால், பாதையில் பறக்கும் விமானங்களுக்கிடையே 5 கடல் மைலும், விமான நிலையத்தை அண்மிய பகுதியில் 3 கடல் மைலும் போதும். ஆனால் ரேடார் அலை நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம்கூடச் சுமார் 230 கடல் மைலுக்கு அப்பால் போனால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். வழக்கமாகப் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலிக்கும் இதே வரம்புதான். சென்னைப் பாதையின் பெரும்பகுதி அந்த வரம்புக்கு வெளியே கிடக்கிறது.

அங்கே நடப்பதற்கு நடைமுறைக் கட்டுப்பாடு என்று பெயர். கட்டுப்பாட்டாளருக்கு விமானம் தெரியாது. அது சொன்ன சொல் மட்டுமே தெரியும். ஒவ்வொரு பாதையிலும் பெயரிட்ட புள்ளிகள் உண்டு. விமானி ஒரு புள்ளியைக் கடந்ததும், அதன் பெயர், கடந்த நேரம், உயரம், அடுத்த புள்ளி, அங்கே சேரக் கணிக்கும் நேரம், அதற்கும் அடுத்த புள்ளி ஆகியவற்றை அதே வரிசையில் அறிவிப்பார். நேரமெல்லாம் உலகப் பொது நேரம். மொரீசியஸ் கடிகாரம் அதைவிட நான்கு மணி முன்னே ஓடும். கட்டுப்பாட்டாளரின் மேசையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஸ்ட்ரிப் எனப்படும் நீளமான ஒரு சீட்டு இருக்கும். இப்போது பல மையங்களில் அது மின்னணு வடிவுக்கு மாறிவிட்டாலும் உள்ளடக்கம் மாறவில்லை: அழைப்புப் பெயர், விமான வகை, உயரம், ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே கணித்த நேரம், அதன் பக்கத்தில் உண்மையில் கடந்த நேரம். அந்தச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் படிப்பதுதான் வேலை. ஒரு விமானம் ஒரு புள்ளியை 14:20க்கும், அதே உயரத்தில் பின்னால் வரும் மற்றொன்று அதே புள்ளியை 14:26க்கும் கடக்கும் என்று வைத்துக்கொள்வோம். இடையே ஆறே நிமிடம். விதி பத்து நிமிடம் கேட்டால், பின்னதை 14:30க்கு முன் அங்கே வராதபடி வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது வேறு உயரத்துக்கு மாற்ற வேண்டும். இதை அந்த விமானங்கள் அப்புள்ளிக்கு வருவதற்கு வெகு முன்பே, எண்களை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பத்து நிமிடம் சிறிதாகத் தோன்றலாம். நெடுந்தூர ஜெட் விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 கடல் மைல் பறக்கிறது. பத்து நிமிடம் என்றால் 80 கடல் மைல். ரேடார் வானத்தில் 5 மைல் போதுமாயிருந்த அதே இரண்டு விமானங்களுக்குக் கடல்வானத்தில் பதினாறு மடங்கு இடம் வேண்டியிருக்கிறது. விமானங்கள் மாறவில்லை, விமானிகளும் மாறவில்லை. அவற்றைப் பற்றி நமக்குத் தெரிவது மட்டும் குறைந்துவிட்டது.

மேலும் கீழுமான இடைவெளியிலும் இதே நியதியைக் காணலாம். காற்றழுத்தத்தைக் கொண்டே விமானம் தன் உயரத்தை அறிகிறது. உச்சத்தில் காற்று மெலிந்திருப்பதால் பழைய உயரமானிகள் அங்கே போதிய துல்லியம் காட்டவில்லை. அதனால் 29,000 அடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி விடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கருவிகள் மேம்பட்டபின், 1997இல் வட அட்லாண்டிக்கில் தொடங்கி, 29,000 முதல் 41,000 அடி வரையிலும் அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. கிழக்கு முகமாகப் பறப்பவை ஒற்றைப்படை உயரங்களையும் மேற்கு முகமாகப் பறப்பவை இரட்டைப்படை உயரங்களையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சென்னையிலிருந்து தென்மேற்காக நம்மை நோக்கி வரும் விமானம் 36,000 அடியில் வந்தால், திரும்பிப் போவது 35,000 அடியிலோ 37,000 அடியிலோ போகும். எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கும் கட்டுப்பாட்டாளர் ஒரு சொல்லும் சொல்லாத நிலையிலும் இந்த ஏற்பாடு அவற்றைப் பிரித்து வைக்கிறது.

இந்த அறிவிப்புகளைத் தாங்கிவருவது எச்.எஃப். வானொலி. அதன் அலைகள் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் இரைச்சலும் மங்கலும் அதிகம், பகலுக்கு ஓர் அலைவரிசையும் இரவுக்கு அதைவிடத் தாழ்ந்த ஒன்றும் வேண்டும். விமானிகள் அந்த இரைச்சலை மணிக்கணக்கில் காதில் வைத்திருக்க முடியாது என்பதால், ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. மையம் அதற்குரிய ஒலியை அனுப்பினால் அந்த விமானியறையில் மட்டும் மணி ஒலிக்கும். கேட்டதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். புதியவர்களுக்கு வெற்றுச் சடங்குபோலத் தோன்றும் இந்த இரட்டை வேலை இல்லையென்றால், இரைச்சலில் ஓர் எண் மாறினாலும் அதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் செயற்கைக்கோள் வழித் தரவு இணைப்பு வந்து இந்தப் பணியைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. மொரீசியஸ் மையமும் அதைப் பயன்படுத்துகிறது. விமானம் மையத்தின் கணினியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது: இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என் இடத்தைச் சொல்வேன், பாதை விலகினாலோ உயரம் மாறினாலோ அப்போதே சொல்வேன் என்று. உயரம் மாற்றும் அனுமதிகள் எழுத்துச் செய்தியாகப் போகின்றன. விமானி ‘வில்கோ’ என்ற பொத்தானை அழுத்தினால், புரிந்துகொண்டேன், செய்கிறேன் என்று பொருள். இத்தகைய விமானங்களுக்கிடையே 80 மைலுக்குப் பதில் 50 கடல் மைல் போதும். துல்லியமான கருவிகளோடு கால் மணிக்குள் ஒருமுறை இடம் சொல்லுமானால் 30 கடல் மைலே போதும். துல்லியமும் அடிக்கடி வரும் புதிய செய்தியும் சேர்ந்து தந்த சேமிப்பு இது. இதன் பலனை நாம் டிக்கெட்டில் காண்பதில்லை என்றாலும், நல்ல காற்றும் குறைந்த எரிபொருளும் கிடைக்கும் உயரத்துக்கு அதிக விமானங்கள் அனுமதி பெறுவது இதனால்தான்.

துல்லியம் தானே ஓர் ஆபத்தைக் கொண்டுவந்ததும் உண்டு. முன்பெல்லாம் வழிகாட்டும் கருவிகளின் பிழையால் விமானங்கள் பாதையின் இருபுறமும் சற்றுச் சிதறியே பறந்தன. ஜி.பி.எஸ். வந்தபின் எல்லாமே கோட்டின் நட்டநடுவில் பறக்கின்றன. உயரத்தில் யாராவது தவறிவிட்டால் எதிரே வருவது நேர்மேலே அல்லது நேர்கீழே இருக்கும். ஆகவே கடல்வானத்தில் விமானிகள் வேண்டுமென்றே கோட்டுக்கு வலப்பக்கம் இரண்டு கடல் மைல் வரை விலகிப் பறக்க அனுமதி இருக்கிறது.

தீவை நெருங்கியதும் வி.எச்.எஃப். குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். இறங்கவரும் விமானங்களைக் கவனிக்கும் அணுகுமுகக் கட்டுப்பாடு விமானத்தைப் படிப்படியாகக் கீழிறக்கும். கடைசியில் கோபுரம் தரையிறங்க அனுமதி தரும். இங்கே வீசும் தென்கிழக்குக் காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ஓடுபாதையின் 14 என்ற எண் கொண்ட திசையே பயன்படுகிறது. அந்த எண் காந்தத் திசையான 140 பாகையின் சுருக்கம். பிளெசான்ஸில் ஓடுபாதை ஒன்றுதான். ஏர்பஸ் ஏ380 போன்ற பெருவிமானம் இறங்கினால் அதன் சிறகுகள் விட்டுச்செல்லும் சுழற்காற்று அடங்கும்வரை, ரொட்ரிக்ஸ் தீவிலிருந்து வரும் சிறிய ஏ.டி.ஆர். விமானம் 7 கடல் மைல் பின்தங்கியே வர வேண்டும். ஓடுபாதை அடைபட்டால் அருகிலுள்ள பெரிய விமான நிலையம் ரெயூனியனில்தான் இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரியில் பெலால் புயல் செய்ததுபோல, ஒரே புயல் இரண்டு தீவுகளையும் தாக்குவது அரிதல்ல. அந்த நேரங்களில், விமானம் புறப்படும் ஊரிலேயே அதை நிறுத்திவைப்பதுதான் கட்டுப்பாடு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இந்தத் தீவில் வான் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவிர்க்க முடியாத ஓர் இரவு உண்டு. 1987 நவம்பர் 28 அதிகாலை, தைப்பேயிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் செல்லும் வழியில் பிளெசான்ஸில் இறங்கவிருந்த தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் ‘ஹெல்டர்பெர்க்’ என்ற போயிங் 747 விமானத்தில், பயணிகள் அமரும் முதன்மைத் தளத்திலேயே இருந்த சரக்குப் பகுதியில் தீப்பிடித்தது. நம் நேரப்படி 3:49 மணிக்கு, புகை சூழ்ந்திருப்பதாகவும் அவசரமாகக் கீழிறங்குவதாகவும் விமானி மொரீசியஸ் கட்டுப்பாட்டுக்கு அறிவித்தார். சிறிது நேரத்தில் மின்கருவிகள் பலவும் செயலிழந்துவிட்டதாகச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் முழு அவசரநிலையை அறிவித்தார். எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. வந்த பதில்: 65 மைல். அதை விமான நிலையத்திலிருந்து 65 மைல் என்று இங்கே எடுத்துக்கொண்டார்கள். விமானிகள் சொன்னதோ, தங்கள் பாதையின் அடுத்த புள்ளிக்கு மீதமிருந்த தூரம். நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. விழுந்த இடம் தீவுக்கு வடகிழக்கே 134 கடல் மைல். விமானத்திலிருந்த 159 பேரும் இறந்தார்கள்.

தேடல் தீவுக்கு மிக அருகே தொடங்கியது. டியேகோ கார்சியாவிலிருந்து வந்த அமெரிக்கக் கடற்படையின் ஓரியன் விமானங்களும் பிரெஞ்சுக் கடற்படையும் சேர்ந்து தேடியும், முதல் சிதைவுகள் கண்ணில்பட ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவை நீரோட்டத்தில் வெகுதூரம் விலகியிருந்தன. குரல்பதிவுக் கருவியை 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து மீட்டது 1989 ஜனவரியில். தேடல் சரியான இடத்தில் தொடங்கியிருந்தால் யாராவது பிழைத்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. புகைக்குள் மூச்சுவிடத் தவித்த விமானியையோ, இருளில் ஒரு குரலை மட்டும் பற்றிக்கொண்டு உதவ முயன்ற கட்டுப்பாட்டாளரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எந்த இடத்திலிருந்து என்று சொல்லாத தூரம் தூரமே ஆகாது என்பதை அந்த இரவு எவரும் மறக்க முடியாத விலையில் காட்டிவிட்டது. இடம் சொல்லும் அறிவிப்பின் வரிசையும் வடிவமும் ஏன் இவ்வளவு இறுக்கமாக வகுக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்.எச்.370, கைமாறும் இடத்தின் பலவீனத்தைக் காட்டியது. கோலாலம்பூர் மையத்திடம் விடைபெற்று ஹோ சி மின் மையத்தை அது அழைத்திருக்க வேண்டிய இடைவேளையில் டிரான்ஸ்பாண்டர் சமிக்ஞை மறைந்தது. வரவேண்டிய விமானம் அழைக்கவில்லையே என்று அடுத்த மையம் விசாரிக்கக் கால் மணிக்கும் மேலாயிற்று. அதன்பின் கிடைத்ததெல்லாம் ஒரு செயற்கைக்கோளோடு ஏறக்குறைய மணிக்கொருமுறை நிகழ்ந்த தொடர்பின் சுவடுகளே. 2015 ஜூலையில் அதன் இறக்கைப் பாகம் ஒன்று ரெயூனியனில், நம் தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சேந்த் ஆந்த்ரே கடற்கரையில் ஒதுங்கியது. மறு ஆண்டு மொரீசியஸ் கரையிலும் ரொட்ரிக்ஸ் கரையிலும் துண்டுகள் கிடைத்தன. அதற்குப் பின் வந்த விதியின்படி, 2018 நவம்பரிலிருந்து பெரிய பயணிகள் விமானங்களை அவற்றை இயக்கும் நிறுவனங்கள் கடலின்மேல் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை பின்தொடர வேண்டும். புதிதாகச் செய்யப்படும் பெரிய விமானங்களோ, ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே தம் இடத்தை அறிவிக்கும் கருவியோடு வர வேண்டும்.

இன்று விண்வெளியிலிருந்தே விமானங்களைப் பின்தொடர முடிகிறது. விமானம் தன் இடத்தை நொடிக்கு இருமுறை ஒலிபரப்புகிறது. தரை ஆண்டெனாவுக்குப் பதில் இரிடியம் செயற்கைக்கோள்களில் பொருத்திய ஏற்பிகள் அதைப் பிடிக்கின்றன. 2019இல் செயல்படத் தொடங்கிய இந்த முறையால் நடுக்கடலிலும் விமானத்தின் இடம் சில நொடிகளுக்கு ஒருமுறை தெரியும். அப்படியானால் கடல்வானத்திலும் 5 மைல் இடைவெளி போதுமே என்று தோன்றும். வட அட்லாண்டிக்கில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது இடைவெளியை 20 கடல் மைலுக்கும் கீழே குறைக்க முடிந்தது. ஆனால் 5 வரை யாரும் இறங்கவில்லை. காரணம், பார்ப்பது பாதி வேலைதான். இரண்டு விமானங்கள் நெருங்குவதைக் கண்ட கட்டுப்பாட்டாளரின் கட்டளை விமானியிடம் சேர்ந்து, அவர் அதைப் படித்து, ஏற்று, விமானத்தைத் திருப்ப வேண்டும். தரைக்கு மேல் வி.எச்.எஃப். குரலில் அது சில நொடிகளில் முடிந்துவிடும். செயற்கைக்கோள் வழியே எழுத்துச் செய்தியாகப் போனால் நிமிடங்கள்கூட ஆகலாம். ஒரு நிமிடத்தில் அந்த விமானம் 8 கடல் மைல் கடந்திருக்கும். வி.எச்.எஃப். போன்ற உடனடிக் குரலைச் செயற்கைக்கோள் வழியே கடலின்மேல் கொண்டுசெல்லும் முயற்சிகள் நடந்துவருகின்றன. அவை வெற்றிபெறும்வரை, பார்வை எவ்வளவு கூர்மையானாலும், மொரீசியஸ் மண்டலத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கிடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைக் கட்டளை போய்ச்சேர ஆகும் நேரமே தீர்மானிக்கும்.